விதியைச் சொல்வதா, விதி இருக்கும் இடத்தைக் காட்டுவதா: புதிய ரோபோ அணிகளுக்கு உதவும் வழிகள் ஓர் ஒப்பீடு

நவம்பர் மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவட்டார அணிகளுக்காக நாங்கள் ஒரு பயிற்சி ஆட்டம் நடத்தினோம். பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச் என்ற ரோபோ போட்டிக்கு முதன்முறையாகப் பதிவு செய்திருந்த ஓர் அணி தன் ரோபோவைப் பரிசோதனை மேசையில் வைத்தது. 18 அங்குல அளவுப் பெட்டிக்குள் ரோபோ எங்கும் இடிக்காமல் அடங்கியது; கூரான விளிம்பு எதுவும் இல்லை; ஒயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. பிறகு பரிசோதகர் அடித்தகட்டைக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுத்தார். அது மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி. அந்தப் போட்டியில் ரோபோவை இயக்கும் முதன்மைப் பேட்டரியாக, அங்கீகரிக்கப்பட்ட 12 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியைத் தவிர வேறெதையும் வைக்க முடியாது. அணியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி, அப்பாவோடு சென்னை ரிட்சி தெருவுக்குப் போய் அதை வாங்கி வந்ததாகச் சொன்னாள். "குரூப்ல கேட்டுட்டுத்தான் சார் வாங்கினோம்" என்று கைபேசியைத் திறந்து காட்டவும் செய்தாள். இரவு பத்து மணிக்கு மேல் அவள் கேட்ட கேள்விக்கு மூன்றே நிமிடத்தில் பதில் வந்திருந்தது: "12 வோல்ட் இருந்தா போதும், எதுவும் போடலாம். நாங்க போட்டிருக்கோம்." பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கல்லூரியில் கலந்துகொண்ட ரோபோ சண்டைப் போட்டியில் அந்த வகைப் பேட்டரிக்குத் தடை இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். விடிவதற்குள் அந்தப் பதிலின் மேல் வேறு பேச்சுகள் வந்து குவிந்துவிட்டதால், நான் அதைப் பார்க்கவே இல்லை.

அன்று அந்த அணி ஆடவில்லை. பயிற்சி ஆட்டம்தானே என்று மற்றவர்கள் தேற்றினார்கள். ஆனால் பேட்டரிக்குக் கொடுத்த பணமும், அதைப் பொருத்துவதற்காகவே அளந்து வெட்டித் துளையிட்டிருந்த அலுமினியத் தகடும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த திகைப்பும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கேட்காமல் செய்து தவறிய அணியிடம், அடுத்த முறை கேளுங்கள் என்று சொல்லலாம். கேட்டுச் செய்து தவறிய அணியிடம் என்ன சொல்வது?

வரும் செப்டம்பரில் அடுத்த பருவம் தொடங்குவதற்குள், கடலூரிலும் புதுச்சேரியிலும் புதிய அணிகளுக்கு வழிகாட்டும் நாங்கள் ஏழு பேர் இதில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். எங்களில் எவருக்கும் இது முழுநேர வேலை அன்று. நெய்வேலியிலிருந்து வருபவர், சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர், லாஸ்பேட்டையில் கல்லூரி ஆசிரியர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். எல்லா வழிகளையும் ஒருசேரச் செய்து பார்க்க எங்களிடம் கைகள் போதாது. உதவி கேட்டு வரும் பள்ளிகளோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருக்கின்றன. 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைப்பதால், முப்பரிமாண அச்சு இயந்திரம் பள்ளிக்குள் வந்துவிட்டது. அந்த ஆய்வகத்திலிருந்து ஒரு போட்டிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு விதிநூலை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் ஆள்தான் பெரும்பாலான இடங்களில் இல்லை.

வழிகளை எடைபோடுவதற்கு முன், புதியவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். டெக் சாலஞ்சின் விதிநூல் நூறு பக்கங்களைத் தாண்டிய ஆங்கில ஆவணம். பார்த்தவுடன் மலைப்பு வந்தாலும் அதன் அமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்து அந்த விதி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறது. ஆர் என்றால் ரோபோவின் கட்டுமானம், ஜி என்றால் ஆட்டம், ஐ என்றால் பரிசோதனை. எண்ணை அடுத்து அழுத்தமான எழுத்தில் ஒரு வரித் தலைப்பு வரும்; அதன்பின் விதியின் வாசகம் வரும்; சில விதிகளுக்குக் கீழே நீலக் கட்டத்துக்குள் விளக்கமும் எடுத்துக்காட்டும் இருக்கும். தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இது பழகிய அமைப்புதான். நூற்பா தனி, உரை தனி. உரை நூற்பாவைப் புரியவைக்கும். இரண்டுக்கும் முரண் தோன்றினால் நூற்பாவே நிற்கும். விதிநூலும் அதையே சொல்கிறது: தலைப்போ நீலக் கட்டமோ விதியின் வாசகத்தை மீற முடியாது. ஆனால் புதியவர்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருகிறார்கள், அல்லது நீலக் கட்டத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டையே முழு விதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டை அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்காமல் விட்டால் அதன் விளைவு ஆட்டக்களத்தில்தான் தெரியவரும்.

அடுத்த தடை, சொல். பிள்ளைகள் கேட்கும் சொல் வேறு, விதிநூலில் உள்ள சொல் வேறு. "எதிர் ரோபோவ மூலையில அமுக்கி வெச்சா தப்பா சார்?" என்று முதுநகர்ப் பையன் ஒருவன் கேட்டான். அவன் விதிநூலில் தேட வேண்டிய சொல் 'பின்'. அவனுக்குத் தெரிந்த பின், சட்டையில் குத்தும் ஊசி. ரோபோவின் மின்சுற்றில் ஒயர் செருகும் கம்பி முனை. நகரவிடாமல் மறித்து வைப்பதற்கும் அதுவே பெயர் என்று அவன் எப்படி ஊகிப்பான்? அகராதியைப் பார்த்து 'பிரஸ்' என்று தேடிவிட்டு, அப்படி ஒரு விதியே இல்லை என்று முடிவு கட்டியிருந்தான். இதே போல், பொருளைத் தூக்கிச் செல்வது, தள்ளிச் செல்வது, ஒதுக்கி வைப்பது என்று பிள்ளைகள் வெவ்வேறாகக் கேட்பவை விதிநூலில் பெரும்பாலும் 'கன்ட்ரோல்' என்ற ஒரே சொல்லின் வரையறைக்குள் வந்துவிடுகின்றன. இல்லாத ஒன்றைத் தேடித் தோற்பது ஒரு வகை. இருப்பதைத் தவறான பெயரில் தேடி, இல்லை என்று நம்பிவிடுவது அதைவிடக் கெடுதி.

மூன்றாவது தடையைத்தான் நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஒரே போட்டியில் நிற்பதில்லை. சிறு வகுப்பில் ஃபர்ஸ்ட் லெகோ லீக், பிறகு வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாட், மேல்வகுப்பில் டெக் சாலஞ்ச் என்று மாறுகிறார்கள். ஒரே பள்ளியில் மூன்றும் நடப்பதும் உண்டு. அச்சு இயந்திரத்தில் எடுத்த பாகத்தை ரோபோவில் வைக்கலாமா என்று கேட்டால், லெகோ லீக்கின் ரோபோ ஆட்டத்தில் கூடாது. அங்கே லெகோ நிறுவனத்தின் பாகங்கள் மட்டுமே வேண்டும், நூலையும் காற்றுக் குழாயையும் தவிர வேறெதையும் வெட்டிச் சுருக்கக்கூடக் கூடாது. டெக் சாலஞ்சில் அச்சுப் பாகம் வைக்கலாம். தொடக்க அளவு என்ன என்று கேட்டால், ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவில் பக்கத்துக்கு 25 செ.மீ., டெக் சாலஞ்சில் 18 அங்குலம், அதாவது 45.7 செ.மீ. இவையாவது பார்த்தவுடன் தெரியும் வேறுபாடுகள். பதிலுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் போட்டிக்குப் போட்டி வேறுபாடு உண்டு என்பது பல ஆண்டுகள் வழிகாட்டியவர்களுக்கே சில வேளை நினைவில் நிற்பதில்லை. ஒலிம்பியாடில் பருவத்தின் நடுவே வெளியாகும் அதிகாரபூர்வ வினா-விடை, விதிகளோடு சேர்ந்த ஒன்றாகவே கொள்ளப்படும். உள்ளூர்ச் சூழலுக்கேற்ப விதியை மாற்ற அந்தந்த நாட்டு அமைப்பாளருக்கு உரிமையும் உண்டு, அப்படி மாற்றியிருந்தால் அணி அதைத்தான் பின்பற்ற வேண்டும். டெக் சாலஞ்சில் வினா-விடை விதிநூலின் வாசகத்தை மீறாது. வாசகம் மாற வேண்டுமானால் அது திருத்த அறிவிப்பாக வந்து விதிநூலில் ஏற வேண்டும். லெகோ லீக்கிலோ, நடுவரால் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் சந்தேகத்தின் பலன் அணிக்கே போகும். ஆகவே "இது வினா-விடையில் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியம் ஓரிடத்தில் முடிவாகவும் இன்னோரிடத்தில் வெறும் விளக்கமாகவும் பொருள்படும்.

இந்தத் தடைகளை மனத்தில் வைத்து வழிகளைப் பார்க்கலாம்.

இப்போதுள்ள வாட்ஸ்அப் குழுவை அப்படியே தொடர்வது முதல் வழி. இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேட்பவர் தமிழில் கேட்கிறார், அவருக்குப் புரியும் தமிழில் பதில் வருகிறது, படம் எடுத்து அனுப்பலாம், ஒரு பைசா செலவில்லை. தனக்கு யாரோ ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையையும் அந்தக் குழு தருகிறது. முதல் ஆண்டு அணிக்கு அது சிறிய பொருள் அன்று. ஆனால் பதில் சொல்பவரின் நினைவே அங்கு விதிநூலாகிவிடுகிறது. அந்த நினைவு எந்தப் போட்டியை, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது பதிலில் தெரிவதில்லை. சரியான பதில் சொன்னாலும் அது அடுத்த வாரம் பேச்சுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அதே கேள்வியை அடுத்த பள்ளி கேட்கும்போது யாரோ ஒருவர் மீண்டும் நினைவிலிருந்து சொல்கிறார். பேட்டரி விஷயத்தில் நடந்தது ஒருவருடைய கவனக்குறைவு அன்று. அந்த ஏற்பாட்டில் இன்றில்லாவிட்டால் நாளை அது நடந்தே தீரும்.

விதிநூலை முழுமையாகத் தமிழில் பெயர்ப்பது இரண்டாவது வழி. எங்கள் கூட்டத்தில் இதற்குத்தான் ஆதரவு அதிகம் இருந்தது. தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகியதால் எனக்கும் மனம் அங்கேதான் போயிற்று. மூன்று பக்கங்களைச் சோதனையாகப் பெயர்த்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. ஆங்கில விதிநூலில் வரையறை உள்ள சொற்கள் அனைத்தும் முழுப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு சொல் அப்படி நின்றால், அதன் பொருளைச் சொற்பட்டியலில் பார் என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. தடித்த எழுத்திலோ அடிக்கோடிட்டோ அச்சிடலாம், ஆனால் ஒருவர் அந்தப் பத்தியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் அந்தக் குறி மறைந்துபோகும். வரையறுத்த சொல் சாதாரணச் சொல்லாகிவிடும். அடுத்தது 'வேண்டும்'. ஆங்கிலத்தில் கட்டாயத்துக்கு ஒரு சொல்லும் பரிந்துரைக்கு வேறு சொல்லும் இருக்க, நாம் இரண்டுக்கும் பழக்கத்தில் 'வேண்டும்' என்றே எழுதிவிடுகிறோம். நான் பெயர்த்த பக்கங்களில் ஒரு பரிந்துரை கட்டாய விதியாகியிருந்ததை லாஸ்பேட்டை நண்பர் சுட்டிக்காட்டினார். 'கட்டாயம் வேண்டும்', 'செய்வது நல்லது' என்று பிரித்து எழுதினால் தீரும் குறைதான். ஆனால் நூறு பக்கத்திலும் அந்த விழிப்பு தளராமல் இருக்க வேண்டும்.

சட்ட நிலையும் அப்படியே. தமிழ் நூல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கில மூலமே செல்லும் என்று டெக் சாலஞ்சின் விதிநூல் தெளிவாகச் சொல்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதாக இராது. 1954-க்கு முந்தைய பிரெஞ்சுப் பத்திரத்தைத் தமிழில் பெயர்த்துப் படித்துக்கொள்ளலாம், வழக்கு என்று வந்தால் மூலத்தைத்தான் விரிக்க வேண்டும். இவையெல்லாம் போகட்டும் என்றாலும், செப்டம்பரில் விதிநூல் வெளியான பிறகும் திருத்த அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் தமிழில் ஏற்ற ஒருவர் பருவம் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு திருத்தம் விடுபட்டாலும், அழகாக அச்சிட்டு நம்பிக்கையோடு கொடுத்த தமிழ் நூலே அணியைக் குழியில் தள்ளிவிடும். வாட்ஸ்அப் பதிலையாவது பிள்ளைகள் இரண்டாம் முறை சரிபார்க்கலாம்; அச்சிட்ட நூலை யார் சந்தேகப்படுவார்கள்? முழு மொழிபெயர்ப்பை நான் வருத்தத்தோடுதான் விலக்குகிறேன். சொற்பட்டியலை மட்டும் தமிழில் தருவது வேறு; அது சிறியது, செய்யத்தக்கது.

மூன்றாவதாக, செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்கச் சொல்வது. கல்லூரி மாணவர்களாக இருக்கும் எங்கள் இளைய வழிகாட்டிகள் இதை முன்வைத்தார்கள். நடு இரவிலும் தமிழில் பதில் கிடைக்கும் என்பது உண்மை. நான் ஒருமுறை ரோபோவின் மின்சார விதி ஒன்றைக் கேட்டபோது, பதிலோடு ஆர்ஈ என்று தொடங்கும் ஒரு விதி எண்ணும் வந்தது. பார்க்க நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அந்த எழுத்து முறை, விதிநூல் இரண்டு பாகங்களாக வந்துகொண்டிருந்த பழைய காலத்துக்குரியது. 2024-25 பருவத்திலிருந்து விதிநூல் ஒரே நூலாகி, எண் முறையும் மாறிவிட்டது. எனக்கு அது தெரிந்திருந்ததால் நின்றேன். முதல் ஆண்டுப் பிள்ளைக்கு, எண்ணோடு வரும் பதில் எண்ணில்லாத பதிலைவிட உறுதியாகத் தோன்றும். இந்த ஆண்டின் விதிநூலையே அதற்குக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் மேம்படுகிறது என்பதையும் பார்த்தோம். அப்போதும் விதியையும் நீலக் கட்டத்தையும் கலந்து ஒரே பத்தியாகச் சொல்லிவிடுகிறது. எது நூற்பா, எது உரை என்று பிரித்தறிய வழியில்லை. விதியைக் கண்டுபிடித்த பிறகு, அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருளை எளிய தமிழில் சொல்லக் கேட்பதற்கு இதைப் பயன்படுத்தலாம். விதி என்ன என்று கேட்பதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிகாரபூர்வ வினா-விடைப் பகுதிக்கே அனுப்புவதைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. விதிநூலைப் படித்த பிறகும் வாசகம் இரண்டு பொருள் தருகிறது என்றால் போக வேண்டிய இடம் அதுவே. அணியின் கணக்கிலிருந்து ஆங்கிலத்தில், விதி எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் ரோபோவின் இந்த வடிவம் சரியா என்று ஒப்புதல் கேட்டால் அங்கே பதில் கிடைக்காது. விதியைத் தேடத் தெரியாதவருக்கு அது முதல் படி ஆகாது.

சனிக்கிழமைதோறும் நேரில் அமர்ந்து விதிநூலைச் சேர்ந்து படிப்பது அடுத்தது. பயனை மட்டும் பார்த்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. முதுநகர்ப் பையனுக்கு 'பின்' என்ற சொல்லைக் காட்டியது அப்படி ஓர் அமர்வில்தான். விதிநூலின் சொற்பட்டியலை அவன் கையாலேயே திறக்க வைத்து, அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்து வரையறையை அவனே வாசித்து, பிறகு ஆட்ட விதிகளுக்குப் போய் அந்தச் சொல் வரும் இடத்தையும் அவனே கண்டுபிடித்தான். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. நான் சொல்லியிருந்தால் இருபது நொடி. அடுத்த வாரம் அவன் வேறு இரண்டு அணிப் பிள்ளைகளுக்கு அதே போல விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருந்தும் இந்த வழியை மட்டும் நம்பி இருக்க முடியாது. பருவம் சூடுபிடிப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எங்கள் கரையில் அதுவே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, வீட்டைவிட்டு வெளியே வருவதே முடியாத நாட்களில் விதி வாசிப்பு எங்கே நடக்கும்? தொடக்கத்தில் காலாண்டுத் தேர்வு, நடுவில் மழை, இறுதியில் அரையாண்டுத் தேர்வு. பாகூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பிள்ளைகளை வாரந்தோறும் வரச் சொல்வதும் நியாயம் அன்று.

எஞ்சியிருப்பவை இரண்டு; அவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று, விதி எண்ணைத் தட்டினால் அந்த விதியின் வாசகத்தை மட்டும், நீலக் கட்டத்தைத் தனியே பிரித்து, எந்தத் திருத்தம் வரை சேர்ந்தது என்ற தேதியோடு எடுத்துக் காட்டும் ஒரு டெலிகிராம் பாட், அதாவது அந்தச் செயலிக்குள் இயங்கும் ஒரு சிறு நிரல். இது தானாக எதையும் சொல்லாது. நூலின் வாசகத்தை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். எங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், சில வார மாலைகளில் செய்துவிடலாம் என்கிறார்கள். எண் தெரிந்தவருக்கு இது மிகப் பெரிய வசதி. எண் தெரியாத புதியவருக்கு இதனால் பயனில்லை.

அந்த எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்னொன்று: பிள்ளைகளின் வாய்ச்சொல்லை அகரவரிசையில் அடுக்கிய ஒரு தமிழ்ப் பொருளடைவு. அமுக்குதல், அளவு, இடித்தல், ஒயர், சார்ஜ், தூக்குதல், பேட்டரி, மறித்தல் என்று அவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே சொற்கள் நிற்கும். எதிரே எந்தப் போட்டி, விதிநூலில் அதற்குள்ள ஆங்கிலச் சொல், விதி எண், சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் பெயர். விதி என்ன சொல்கிறது என்பதை அதில் எழுத மாட்டோம். இந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் பொருளடைவின் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விடையை எழுதிவிட்டால் அது இன்னொரு மொழிபெயர்ப்பாகிவிடும்; திருத்தம் வந்த மறுநாளே பொய்யாகிவிடும். இடத்தை மட்டும் எழுதினால், வாசகம் மாறினாலும் பெரும்பாலும் இடம் மாறாது. படிக்கும் பிள்ளை எப்போதும் இன்றைய வாசகத்தையே படிக்கும்.

பொருளடைவுக்கும் குறைகள் உண்டு. அடுத்த பருவத்தில் விதி எண்கள் மாறினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆனால் கட்டுமானம், மின்சாரம், பரிசோதனை ஆகியவற்றின் விதிகள் ஆண்டுதோறும் அடியோடு மாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாவது ஆட்டத்தைப் பற்றியவைதாம். புதியவர்கள் முதல் இரண்டு மாதத்தில் கேட்பது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே. அங்கிருந்து தொடங்கினால் உழைப்பு வீணாகாது. இன்னொரு குறை, இடத்தைக் காட்டினாலும் அங்கே இருப்பது ஆங்கிலம் என்பது. அதற்காகத்தான் சொற்பட்டியலைத் தமிழில் தர வேண்டும் என்கிறேன். நூறு பக்கத்தைப் பெயர்ப்பதோடு ஒப்பிட்டால் அது நாலைந்து பக்க வேலை. வாக்கியம் புரியாத இடத்தில் ஆங்கில ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தாலே போதும் என்பதையும் கண்டோம். அவருக்கு ரோபோ தெரிய வேண்டியதில்லை.

கைபேசி பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கையில் கைபேசி இருக்காது, இருக்கவும் கூடாது. பாட் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஆய்வக வேளையில் அது ஆசிரியரின் சட்டைப்பையில்தான் இருக்கும். பொருளடைவை ஏ3 தாளில் அச்சிட்டு, பேட்டரி சார்ஜ் போடும் மேசைக்கு மேலே ஒட்டிவிடலாம். பக்கத்தில் அந்தப் பருவத்தின் விதிநூல் கோப்பில் இருக்கட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டில் ஒன்றைத்தான் செப்டம்பருக்குள் முடிக்க முடியும் என்ற நிலை வந்தால், பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பொருளடைவை முடிக்க வேண்டும் என்பேன். நிரல் எழுதும் நண்பர்கள் இதை ஏற்கவில்லை. தாளில் ஒட்டியது பழசாகும், பாட் பழசாகாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. தாளின் மேல் மூலையில் சரிபார்த்த தேதியைப் பெரிதாக அச்சிடுவது என்றும், ஒரு மாதத்துக்கு மேல் பழைய தாளைக் கிழித்துவிடலாம் என்று பள்ளிகளுக்கு முன்பே சொல்லிவிடுவது என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, நான் முன்வைப்பது இதுதான். பொருளடைவும் தமிழ்ச் சொற்பட்டியலும் ஆகஸ்டுக்குள். பாட், கை ஓய்ந்தபோது. நேரடி அமர்வு மாதம் ஒருமுறை, ஒரு மாதம் கடலூரில், மறுமாதம் புதுச்சேரியில், மழை வந்தால் தள்ளிவைத்து. வாட்ஸ்அப் குழு இருக்கும், ஆனால் போட்டியின் பெயரும் விதி எண்ணும் இல்லாத பதிலை யாரும் அங்கே இடக் கூடாது. எண் தெரியாதவர், தெரியவில்லை என்று எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். எண் இல்லாமல் வரும் பதிலின் கீழே, "எந்த விதி?" என்று கேட்கும் உரிமை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு, அப்படிக் கேட்டால் மூத்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை நடைமுறைப்படுத்துவதே எல்லாவற்றிலும் கடினமாக இருக்கப் போகிறது, ஏனென்றால் உடனே பதில் சொல்லி உதவ வேண்டும் என்ற நல்ல மனம்தான் இங்கே தடையாக நிற்கிறது.

பொருளடைவின் முதல் வரிகளை எழுத ஆரம்பித்துவிட்டோம். பேட்டரி என்ற சொல்லின் எதிரே மூன்று போட்டிக்கும் மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். அவற்றை விதிநூலோடு ஒத்துப் பார்த்து, சரிபார்த்தவர் கட்டத்தில் தன் பெயரை எழுதியிருப்பவள் அந்த மாணவி. இப்போது பத்தாம் வகுப்பு.